எங்கள் குடும்பமும் கண் நீர் அழுத்த நோயும்

இடது கண் நரம்பில் பெரும்பகுதி அழிந்துபோன பிறகும் என் அப்பா நாளிதழின் வரி விளம்பரங்களைத் தடங்கலில்லாமல் படித்துக்கொண்டிருந்தார். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் அவர். பேரேட்டில் நுணுக்கி நுணுக்கி எழுதிய பொடி எண்களோடு வாழ்ந்த கண்கள். அவற்றில் கோளாறு இருக்கக்கூடும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்திருக்கின்றன. படி இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் துழாவுவார். வாசல் நிலையில் இடது தோள் அடிக்கடி இடிக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் “ஊறுகாய் வைக்கவில்லையா?” என்று கேட்டார். இலையின் இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வழக்கம்போல இருந்தன. வயதானால் இப்படித்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் பார்த்து வருவார். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவார். அந்தப் பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, பெரும்பாலும் பக்கப் பார்வையை முதலில் அரித்து, நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். பலகையில் எல்லா வரியும் படித்தேன், அதனால் என் கண் நலம் என்று ஒருவர் சொன்னால் நான் இப்போது விடுவதில்லை. கண் நரம்பைப் பார்த்தார்களா, கண் அழுத்தத்தை அளந்தார்களா என்று கேட்கிறேன்.

அப்பாவுக்கு நோய் தெரியவந்தது பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமில். புரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் போனவரின் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்த இளம் மருத்துவர், “ஐயா, உங்களுக்குப் புரை பெரிதாக இல்லை. ஆனால் நரம்பு எனக்குத் திருப்தியாக இல்லை. இந்த வாரமே மதுரைக்குப் போய்விடுங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முகாமின் இரைச்சலிலும் நெரிசலிலும் அந்தப் பெண் காட்டிய கவனத்தால்தான் அப்பாவின் வலது கண் இன்று இருக்கிறது.

மதுரையில் அழுத்தம் அளந்தபோது இடது கண்ணில் 32, வலது கண்ணில் 26. பொதுவாக 10 முதல் 21 வரை, பாதரச மில்லிமீட்டர் அளவில், இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். கையில் பட்டை சுற்றி அளக்கும் ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. அப்பாவின் ரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது.

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு; இது உள்ளே சுரந்து உள்ளேயே வடிவது. கண் பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, கண்ணின் முன்புறத்தைக் கண்ணாடி போல மூடியிருக்கும் கருவிழியும், கண் பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலமும் சந்திக்கும் மூலையில் (மருத்துவர்கள் இதைக் கோணம் என்பார்கள்) உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடும். எங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். வரத்து குறையாமல் இருக்க, மதகில் வண்டல் சேர்ந்து போக்கு மட்டும் குறைந்தால் நீர் மட்டம் மெல்ல ஏறி கரையை அழுத்தும். இது திறந்த கோண வகை. அப்பாவுக்கு வந்தது இதுதான். மதகின் பலகையே சட்டென்று விழுந்து அடைத்துக்கொண்டால் ஒரே இரவில் கரை உடையும். அது மூடிய கோண வகை. கண்ணில் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அழிவது, பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு. அழிந்த நரம்பிழை மீண்டும் முளைப்பதில்லை. புரைக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்புகிறது, இதற்குத் திரும்பாது. உலகில் மீட்க முடியாத பார்வை இழப்புக்கு முதல் காரணமாக இருப்பது இந்த நோய்தான்.

அப்பாவோடு நான் உள்ளே இருந்து பார்த்த சோதனைகளில், பார்வை எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது என்று அளக்கும் பீல்டு டெஸ்ட்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கணைத்த சிறு அறை. ஒரு கண்ணைத் துணியால் மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் அமர்த்துகிறார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்தின் மூலை முடுக்குகளில் ஒளிப்பொட்டு ஒன்று மினுக்கும். சில நேரம் பளிச்சென்று, சில நேரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மங்கலில். பார்த்ததும் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணைச் சுழற்றித் தேடக் கூடாது. சோர்வு தரும் சோதனை. மங்கலான பொட்டுகள் தெரியாமல் போவது சோதனையின் அமைப்பே. நோயில்லாதவர்களுக்கும் பல பொட்டுகள் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வயதானவர்கள் பதறிப்போய்க் கண்டபடி அழுத்தித் தள்ளுவார்கள், முடிவு பயனில்லாமல் போகும். அப்பாவுக்கு இரண்டாம் முறை எடுத்தபோதுதான் நம்பத்தக்க முடிவு வந்தது.

அந்தத் தாளை மருத்துவர் எங்கள் முன் விரித்தார். இடது கண்ணின் வட்டத்தில் நடுவே சிறு தீவு போல வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு கறுப்புத் திட்டு. “எனக்கு எங்கேயும் இருட்டாகத் தெரியவில்லையே, டாக்டர்” என்றார் அப்பா. அவர் சொன்னது உண்மை. பார்வை போன இடம் நோயாளிக்குக் கறுப்பாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது, ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டுகிறது. இரண்டு கண்ணும் விட்ட இடத்தில் பொருள் இல்லாமலே போய்விடுகிறது. பந்தியில் ஊறுகாய் காணாமல் போனது அப்படித்தான்.

“எப்போது சரியாகும்?” என்று அப்பா கேட்டார். “போனதை என்னால் திருப்பித் தர முடியாது, ஐயா. இருப்பதைக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு நீங்கள் ஒத்துழைக்க வேண்டும்” என்றார் மருத்துவர். கடினமான பதில்தான். ஆனாலும் பொய்யான நம்பிக்கை தராத அவர் மேல் எனக்கு அன்றே மதிப்பு வந்தது.

இரவில் லட்டானோபிராஸ்ட், காலையும் மாலையும் டிமோலால் என்று சொட்டு மருந்துகள் எழுதிக் கொடுத்தார்கள். டிமோலால் எழுதுவதற்கு முன் ஆஸ்துமா, வீசிங், இதயத் துடிப்புக் குறைவு உண்டா என்று கேட்டார்கள். கண்ணில் விடும் துளிதானே என்று எண்ணி இந்தக் கேள்விக்கு அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. துளி மூக்கு வழியே ரத்தத்தில் கலக்கிறது. மூச்சுத் தொல்லை உள்ளவருக்கு டிமோலால் ஆபத்தாக முடியலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிப் போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மருந்து வாங்குவதைவிட அதைக் கண்ணுக்குள் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அப்பா நின்றபடி அண்ணாந்து பாட்டிலை உயரத்தில் பிடித்துப் பிதுக்குவார். இமையில் ஒன்று, கன்னத்தில் இரண்டு. மாதத்துக்கு வரவேண்டிய பாட்டில் பாதியில் தீர்ந்துவிடும். மருத்துவமனையில் ஒரு செவிலியர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும், அல்லது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்ள வேண்டும். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தால் சிறு பை போல இடம் கிடைக்கும். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படாமல் அந்தப் பையில் ஒரே ஒரு துளி. கண் அதற்கு மேல் பிடித்துவைத்துக்கொள்ளாது. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்க இதுதான் வழி. கொட்டிக் கொட்டிச் சிமிட்டினால் எல்லாம் வழிந்துவிடும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டில் அட்டையின் மேல் திறந்த தேதியை எழுதிவைக்கிறோம். மிச்சம் இருந்தாலும் நான்கு வாரத்தில் மாற்றிவிடுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் அப்பா ஓர் ஆண்டுக்குள் மருந்தை விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கண் சிவக்கிறது, இமை கறுக்கிறது, பார்வையோ துளிகூடக் கூடவில்லை, பிறகு எதற்கு என்பது அவர் கணக்கு. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குவது தெரிகிறது. இதில் பலன் என்பதே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். அதை நோயாளியால் உணரவே முடியாது. மறுபரிசோதனையில் அழுத்தம் பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது. மருத்துவர் திட்டவில்லை. சிவப்பைக் குறைக்க ஒரு மருந்தை மாற்றினார். ஆரம்ப நிலை நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றி அவர் சொன்னது அப்பா மனத்தில் பதிந்தது. அழுத்தத்தை ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைக்கும்போதும் நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறதாம். கணக்கர் மனம் எண்ணுக்குத்தான் இணங்கியது. அன்று முதல் ஒரு சிறு நோட்டில் தேதி, மருந்து, அழுத்த அளவு என்று பத்தி பிரித்து எழுதிவருகிறார்.

இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து போதவில்லை. நீர் வடிய வெள்ளை விழியில் புதிய வழி அமைக்கும் டிராபெகுலெக்டமி ஆபரேஷன் செய்தார்கள். பார்வை கூடும் என்று எதிர்பார்த்து இதற்குப் போகக் கூடாது. அழுத்தம் இறங்கினால் அதுவே வெற்றி. இந்த ஆபரேஷன் செய்த கண் பல ஆண்டுகளுக்குப் பிறகு சிவந்து வலித்தாலும், பீளை தள்ளினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தப் புது வழியாகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு. இதுவும் பலிக்காதவர்களுக்குச் சிறு குழாயோடு கூடிய வடிகால் கருவி பொருத்துகிறார்கள். வெளிநாட்டுக் கருவிகளின் விலை எட்டாமல் இருந்த நிலையை மதுரையின் ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் கருவி மாற்றியிருக்கிறது.

இனி அத்தையின் கதை. அப்பாவின் தங்கைக்கும் இதே நோய்தான், ஆனால் வந்த விதம் நேர்மாறு. ஓர் இரவு தலை பிளப்பது போன்ற வலி, வாந்தி மேல் வாந்தி. சளிக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தார். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். காலையில் வலது கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. எதிரில் இருப்பவரின் முகம் தெரியவில்லை. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம் தெரிகிறது என்றார். அந்த வளையம் என்ற சொல்தான் எனக்கு உறைத்தது; கண் அழுத்தம் சட்டென்று ஏறியதன் அறிகுறி அது. கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அழுத்தம் 50-ஐத் தாண்டியிருந்தது. ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி, மாத்திரை கொடுத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகு ஐரிஸில் லேசரால் ஊசிமுனை அளவு துளையிட்டார்கள். நோயே வராத இடது கண்ணிலும் அதே லேசரைச் செய்தார்கள். ஒரு கண்ணின் மூலை குறுகலாக இருந்தால் மறு கண்ணும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அந்த லேசருக்குச் சில நிமிடங்களே ஆயின.

அத்தைக்கு வந்த இந்த மூடிய கோண வகை ஆசிய மக்களிடம் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், தூரப்பார்வைக் குறைபாட்டுக்குப் பிளஸ் பவர் கண்ணாடி போடும் சிறிய கண்ணுள்ளவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. சில சளி மாத்திரைகள், கண் பாப்பாவை விரிக்கும் மருந்துகள், மங்கிய வெளிச்சத்தில் நெடுநேரம் இருப்பது போன்றவை குறுகிய மூலையை அடைத்துவிடக்கூடும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்து, கண் சிவந்து பார்வை மங்கினால் அதைத் தலைவலியாக எண்ணி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கணக்கில் நரம்பு செத்துக்கொண்டிருக்கும். ஆனால் இந்த வகையிலும் பலருக்கு வலியே இல்லாமல் மூலை மெல்ல மெல்ல மூடுகிறது. கண்ணில் சிறு கண்ணாடி வில்லையை வைத்து மூலையைப் பார்க்கும் கோனியோஸ்கோபி சோதனையில்தான் அது பிடிபடும். அழுத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டு மூலையைப் பார்க்காமல் மருந்து எழுதினால் எந்த வகை என்று கேளுங்கள்.

காத்திருக்கும் கூடத்தில் மற்ற வகைகளையும் கண்டேன். அழுத்தம் 16 தான், ஆனாலும் நரம்பு அழிந்துகொண்டிருந்தது ஓர் ஆசிரியருக்கு. அழுத்தத்தை மட்டும் அளந்து நலம் என்று அனுப்பினால் இவருடைய நோய் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும். சர்க்கரை நோய் முற்றி, ஐரிஸில் தேவையில்லாத ரத்தக் குழாய்கள் வளர்ந்து மூலையை அடைத்தவர் ஒருவர். கல்லடி பட்ட கண்ணோடு ஒருவர். புரை நன்றாக முற்றட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வீங்கிய புரையே மூலையை மூடிவிட்ட ஒரு பாட்டி.

என்னை மிகவும் வருத்தியது பள்ளிச் சீருடையில் வந்த ஒரு பையன். கோடைதோறும் கண் அரிப்பு. மருந்துக் கடையில் வாங்கிய ஒரு சொட்டு மருந்து உடனே கேட்டதால், சீட்டு இல்லாமலே அதையே திரும்பத் திரும்ப வாங்கி விட்டிருக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. அரிப்பு நின்றது, அழுத்தம் ஏறியது, நரம்பிழைகள் அழிந்து அவன் கண் நரம்பு அப்பாவின் நரம்பைப் போலக் குழிந்துவிட்டது. பாட்டில் அட்டையில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று கண்டால் மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு துளியும் விடாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பும் மாத்திரையும் நீண்ட நாள் பயன்படுத்துகிறவர்களும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறவியிலேயே வருவதும் உண்டு. குழந்தைக்கு எவ்வளவு பெரிய கண் என்று ஊரே மெச்சும். அந்தக் கண்ணில் சதா நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கருவிழி நீலம் பாரித்தது போல மங்கியிருந்தால் அது அழகு இல்லை, அழுத்தம். இதற்கு ஆபரேஷன்தான் முதல் வைத்தியம், வாரங்கள்கூட முக்கியம். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்.

அப்பாவுக்கு வந்தது தெரிந்ததும் மருத்துவர் முதலில் கேட்டது, “பிள்ளைகள் எத்தனை பேர்?” என்பதுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வரும் ஆபத்து பல மடங்கு. அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நடந்த இன்னொரு ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாதவர்கள். என் அப்பா ஓர் அபூர்வம் அல்ல, அவர்தான் வழக்கம்.

என்னைப் பரிசோதித்தபோது அழுத்தம் எல்லைக்குள் இருந்தது. ஆனால் நரம்பின் குழிவு வயதுக்கு அதிகம், கருவிழியும் மெல்லியது. கருவிழி மெலிந்திருந்தால் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்குமாம். சந்தேகப் பட்டியலில் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். ஒரு முறை, கண் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. படத்தில் நரம்பிழைத் தளம் மெலியத் தொடங்கியது தெரிந்தது. என் பீல்டு டெஸ்ட்டில் ஒரு கறுப்பும் விழாத நிலையிலேயே சிகிச்சை தொடங்கிவிட்டது. எனக்குச் சொட்டு மருந்தா, லேசரா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைத்தது. சல்லடைத் திசுவின் மேல் பாய்ச்சும் எஸ்.எல்.டி. லேசரை முதல் சிகிச்சையாகச் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் மூன்று ஆண்டுகளுக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள் என்று 2019-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு சொல்கிறது. நான் லேசரைத் தேர்ந்தேன். அப்பாவின் இடது கண் வந்துசேர்ந்த கட்டத்தில் இப்படித் தேர்ந்துகொள்ள இடமே இருக்கவில்லை.

அன்றாட வாழ்வில் நான் விட்டது ஒன்றுதான்: சிரசாசனம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரு மடங்காக ஏறுகிறது. நடையும் மற்ற உடற்பயிற்சியும் தொடர்கின்றன. தண்ணீரைச் செம்பு செம்பாக ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துக் குடிக்கிறேன். கண்ணில் தேன், வெங்காயச் சாறு, மூலிகைச் சாறு விட்டால் அழுத்தம் குறையும் என்று வீடுவரை வந்து சொல்கிறவர்கள் உண்டு. இந்த நோயில் அவற்றுக்கு வேலையில்லை, புண்தான் மிஞ்சும்.

என் அண்ணனை அழைத்துப்போகத்தான் பாடுபட்டேன். “எனக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது, தங்கச்சி” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவின் பீல்டு தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் கிளம்பினார். அவருக்கு இப்போதைக்கு நோயில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டித் திரும்ப முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். அன்றைய சொட்டு மருந்தை மருத்துவமனைக்குப் போகிறோமே என்று போடாமல் இருக்கக் கூடாது; மருந்தோடு அழுத்தம் எவ்வளவு என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். உண்ணா நோன்பு நாளிலும், வேறு ஆபரேஷனுக்காகப் படுத்திருக்கும் நாளிலும் நிறுத்தலாமா என்று கேட்காமல் நிறுத்தாதீர்கள். பாட்டில்களையும், மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எல்லாவற்றையும்விட, முதல் பீல்டு தாள், முதல் நரம்புப் படம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் அவை உங்களோடு வர வேண்டும். இந்த நோயில் மருத்துவர் ஒரு நாள் அளவை வைத்து முடிவெடுப்பதில்லை. பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, கறுப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுகிறார், மாற்றுகிறார், அல்லது அப்படியே தொடரச் சொல்கிறார்.